விரல்வாங்கி

அந்தத் தாமதம் ஒரு காதலனின் தயக்கம் என்று முப்பத்து நான்கு வருடமாகச் சொல்லிவருகிறேன். வானொலியில் சொல்லியிருக்கிறேன், பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், என்னிடம் டிரம்ஸ் கற்க வருகிறவர்களிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேன்.

"அவன் அவ வீட்டு வாசல் வரைக்கும் போயிடறான். கதவைத் தட்டக் கையைத் தூக்கறான். தட்டலை. அரை நொடி அப்படியே நிக்கறான். அப்புறம்தான் தட்டறான். அந்த அரை நொடிதான் இந்த அடி."

இதைச் சொல்லிவிட்டுக் குச்சியை மேலே தூக்கி அப்படியே நிறுத்துவேன். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். சிலர் கண் கலங்கியதும் உண்டு.

அன்று காலை பதினோரு மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில், கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடியும் அதையே சொன்னேன். எதிரே இருந்த பெண் ஒலிப்பதிவு படித்தவள். பாட்டுகளின் போக்கை மாற்றிய டிரம்ஸ்காரர்களைப் பற்றித் தொடராக ஒரு நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தாள். "பாடினவங்களை எல்லாருக்கும் தெரியும் சார். அடிச்சவங்களை யாருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் இந்த நிகழ்ச்சி" என்றாள். நான் தலையாட்டினேன். வெட்கம் கெட்ட தலை, நன்றாகவே ஆடியது.

அவள் சொன்னதில் மிகையில்லை. அந்தப் பாட்டு வருவதற்கு முன்னால் எல்லோரும் தாளத்தின் முதுகில் ஏறி ஓடிக்கொண்டிருந்தார்கள். அது வந்த பிறகு பத்து வருடம் எந்த இசையமைப்பாளரும் டிரம்ஸ்காரனிடம் கேட்டது ஒன்றைத்தான்: "அந்த மாதிரி கொஞ்சம் பின்னால இழுத்து அடி." கல்யாண வாத்தியக் குழுக்கள் அதை வாசித்தன. விளையாட்டு மைதானத்தில் நாற்காலிக் கைப்பிடியில் அதைத் தட்டினார்கள். தானாகத் தாளம் போடும் மெஷின் வந்தபோது, அதிலும் அதற்கென்று ஒரு பொத்தான் வைத்தார்கள். எனக்கு 'அரைநொடி' என்று பட்டப்பெயர் வந்தது. உண்மையில் அது அரை நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பெயர் வைக்கிறவன் அளந்தா வைக்கிறான்?

அதை வாசித்தவன் நான் இல்லை.

வாசித்தவர் அப்போது என் வீட்டு ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் தங்கையின் கணவர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். முப்பத்தொரு வருடம் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் ஐம்பது டன் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் காதுகள் இரண்டையும் முக்கால்வாசி தின்றுவிட்டது. என் சின்ன வயதைப் பற்றிப் பேச நான்தான் தங்கையை வரச் சொல்லியிருந்தேன். அவள் ஒரு பிளாஸ்க் டீயோடு வந்தாள், இவரும் கூடவே வந்தார். வந்த நேரத்திலிருந்து கேமரா நிற்கும் முக்காலியையே முறைத்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பொறுக்காமல் எழுந்து போய் கேமராக்காரரிடம் சொன்னார்.

"இந்த நட்டு லூசா இருக்கு தம்பி. கேமரா விழுந்தா யாரு தலையில விழும்? இவன் தலையில விழும். பெரிய தலை."

"ஏங்க, சும்மா உக்காருங்க" என்று தங்கை கத்தினாள்.

"என்னது, ஸ்பானரா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நடந்தது இதுதான். நாங்கள் இருவரும் அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தோம். நான் லாரியில் ஏற்றி இறக்குகிறவன், அவர் பிரஸ்ஸில். சங்கத்துக் கட்டடத்தில் யாரோ கொடுத்த பழைய டிரம்ஸ் ஒன்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி உட்கார்ந்து அடிப்போம். எனக்கு மேடைமேல் கண். அவருக்கு அடித்தால் போதும். ஒரு குழுவில் சேர்ந்தேன், வேலையை விட்டேன், ஒரு பாட்டுப் பதிவுக்குக் கூப்பிட்டார்கள். ஒலிப்பதிவுக்கூடம் தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

காலையிலிருந்து பதினேழு தடவை வாசித்தேன். பதினேழு தடவையும் இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார். "முந்தறேப்பா. ரயிலைப் பிடிக்கிறவன் மாதிரி முந்தறே. வேற ஆள் இருக்கானா?" வேறு ஆள் வந்தால் என் கதை அன்றோடு முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலைச் சுவரோரம் ஓடிப் போய் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அவர் தயங்கினார். பக்கத்தில் எண்ணெய்க்காரர் நின்றிருந்தார், மெஷின்களுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறவர். "போயிட்டு வாய்யா, என்னமோ கழுத்தை அறுக்கக் கூப்பிட்ட மாதிரி நிக்கறே. உன் கார்டை நான் அடிச்சுடறேன். மெஷினையும் பார்த்துக்கறேன்" என்றார். அங்கே அது ஒரு வழக்கம். ஒருவன் வெளியே போனால் இன்னொருவன் அவனுடைய நேர அட்டையையும் சேர்த்து அடிப்பான். யார் யாருக்கு அடித்தான் என்று செத்தாலும் வெளியே வராது.

மாப்பிள்ளை கிரீஸ் படிந்த உடுப்போடும், முனையில் இரும்பு வைத்த ஷூவோடும் வந்து உட்கார்ந்தார். இரண்டே தடவை வாசித்தார். அவருடைய அடி ஏன் தாமதமாக விழுந்தது என்பது பிரஸ்ஸில் நின்ற எவனுக்கும் தெரியும். தகட்டை அச்சுக்கு அடியில் வைக்க வேண்டும். கையை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தாயிற்றா என்று ஒரு இமைப்பொழுது உடம்புக்கே உறைக்க வேண்டும். பிறகுதான் காலால் மிதிக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் தடவை. முந்தினவனுக்கு விரல் இல்லை. அந்தப் பட்டறையில் பத்து விரலோடு ஓய்வு பெற்ற ஒரே ஆள் என் மாப்பிள்ளைதான். காதலனாவது, கதவாவது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இசையமைப்பாளர் எழுந்து நின்று கை தட்டினார். அவருக்கு அடி கிடைத்தால் போதும், பதிவேட்டில் காலையில் எழுதிய என் பெயர் அப்படியே இருந்துவிட்டது.

அந்த இரண்டு மணி நேரத்தில் எண்ணெய்க்காரர் ஐம்பது டன் பிரஸ்ஸில் நின்றார், கணக்குக் குறையக் கூடாதே என்று. எண்ணெய் போடுகிற கைக்கு அந்த வேகம் பழக்கமில்லை. இரண்டு விரல் போய்விட்டது.

மாப்பிள்ளை திரும்பி ஓடியபோது அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எண்ணெய்க்காரர் இவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துச் சொன்னாராம்: "நான் மெஷின்ல நின்னேன்னு தெரிஞ்சா ஒத்தைப் பைசா தர மாட்டாங்க. நான் எண்ணெய் போடக் கையை விட்டேன், நீ பார்க்காம மிதிச்சுட்டே. அப்படியே சொல்லு." விசாரணையில் மாப்பிள்ளை அப்படியே சொன்னார். கார்டும் அவர் உள்ளே இருந்ததாகச் சொல்லியது. ஒரு வருடம் அவரைப் பிரஸ்ஸிலிருந்து இறக்கிச் சிதறல் தகடு கூட்ட விட்டார்கள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் வந்தது. விரல்வாங்கி.

எனக்கு அரைநொடி, அவருக்கு விரல்வாங்கி. ஒரே மத்தியானத்தில் வந்த இரண்டு பெயர்கள். அவை இரண்டுமே பொய் என்று தெரிந்த ஆட்கள் மூன்று பேர்தான். என் தங்கைக்குக்கூட அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் குழாயடியில் ஒரு நாள் இல்லை ஒரு நாள் வாயை விட்டுவிடுவாள், எண்ணெய்க்காரருக்கு மாதாமாதம் வந்த நஷ்டஈடு நின்றுபோகும் என்று பயந்தார்.

முதலில் எனக்கும் அது நல்ல காரணமாகத்தான் இருந்தது. ஆனால் காரணத்துக்கும் ஆயுள் உண்டு. தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் எண்ணெய்க்காரர் செத்தார். நான் போய் மாலை போட்டேன். மார்மேல் மடித்து வைத்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன், மூன்று விரல். வீட்டுக்கு வந்து, குளித்து, ஐந்து மணி வகுப்பில் காதலனின் தயக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க இனி என்ன இருக்கிறது. அந்தப் பாட்டு எல்லா வீட்டிலும் ஒலித்துக்கொண்டிருந்த சமயம், புதுச்சட்டை போட்டுக்கொண்டு தங்கையைப் பார்க்கக் கம்பெனி லைன் வீட்டுக்குப் போனேன். குழாயடியில் அவள் பக்கெட்டோடு நின்றிருந்தாள். வரிசையில் ஒருத்தி சொன்னாள்: "குழாயை மூட மட்டும் உன் புருஷனைக் கூப்பிட்டுடாதேடி. எங்க விரலையும் சேர்த்து மூடிடுவான்." எல்லோரும் சிரித்தார்கள். தங்கை பாதி பக்கெட்டோடு நகர்ந்துவிட்டாள். நான் பத்தடி தள்ளி, குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், அந்த அடியை மட்டும் வாசிச்சுக் காட்டறீங்களா?" என்றாள் அந்தப் பெண். கூடத்தின் நடுவில் என் டிரம்ஸைச் சுற்றி மைக் வைத்திருந்தாள்.

மேடையில் பத்து வாத்தியத்துக்கு நடுவே இதை எத்தனையோ தடவை ஒப்பேற்றியிருக்கிறேன். வெறும் கூடத்தில், மைக்குக்கு முன்னால், தனியாக வாசித்ததில்லை. உட்கார்ந்தேன். வாசித்தேன். நான் முந்துவது என் காதுக்கே கேட்டது. அந்தப் பெண் முகத்தை மரியாதையாக வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கு சார். இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?"

ஜன்னல் பக்கமிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது.

"மச்சான், கையை எடுக்கறதுக்கு முன்னாடி மிதிக்கறே. விரல் போயிடும்."

அந்தப் பெண் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாகச் சிரித்தேன். "அவர் பட்டறைக்காரர். எல்லாத்தையும் மெஷினாத்தான் பார்ப்பார்."

"அப்படியா" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுத்தாள். "சார், உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன். ஒலிப்பதிவுக்கூடத்துக் குடோன்ல ஒரிஜினல் டேப் கிடைச்சுது. டிரம்ஸ் மட்டும் தனித் தடத்துல இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். கேக்கறீங்களா?"

கேட்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போட்டாள்.

பாட்டுக்காரனும் இல்லை, வயலின்களும் இல்லை. வெறும் டிரம்ஸ். ஒவ்வொரு அடியும் தன் நேரத்துக்கு வந்து, ஒரு கணம் நின்று, விழுந்தது. கேமராக்காரர்கூடத் தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் அடிகளுக்கு அடியிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. அவள் ஒலியைக் கூட்டினாள்.

"கை... கால். கை... கால். கை... கால்."

"சார், இது நீங்க எண்ணறதா?"

"ஆமாம்மா. பழக்கம்" என்றேன். என் நாக்கு எனக்கு முந்தியே பதில் சொல்லப் பழகியிருந்தது.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா சார், 'கால்'னு சொல்ற இடத்துல கால் அடி இல்லையே. அங்க கையாலதானே அடிக்கறீங்க? 'கை'னு சொல்ற இடத்துல எதுவுமே அடிக்கலை. வெறும் இடைவெளி."

"அது... எங்க காலத்துல அப்படித்தான் எண்ணுவோம்."

சமையலறை வாசலில் டீ டம்ளர்களோடு தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு டம்ளர் தளும்பிக்கொண்டிருந்தது.

"அதை மறுபடி போடு கண்ணு" என்றாள்.

போட்டாள். தங்கை தட்டை டிரம்ஸ் மேலேயே வைத்தாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அதன்மேல் எதையும் வைத்ததில்லை.

"இவர் தூக்கத்துல சொல்றது இது" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து கேக்கறேன். காலை வேற உதைப்பார். பாதி நாள் நான் தரையிலதான் படுப்பேன்." பிறகு அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். "அதுல தேதி போட்டிருக்கா?"

அந்தப் பெண் படித்தாள். தேதி, மாதம், வருடம், மத்தியானம் இரண்டு மணி.

அந்தத் தேதியை என் தங்கை மறக்கக் குழாயடி விட்டதில்லை. விரலை மடித்து எதையோ எண்ணினாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அன்னிக்கு மத்தியானம் இவர் எங்க இருந்தார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"உன்னைத்தான் கேக்கறேன். அவரைக் கேட்டா 'ஷிப்ட்ல இருந்தேன், கார்டுல பாரு'ன்னு சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு என் காதும் செவிடாப் போச்சு."

"முதல்ல அந்தக் கேமராவை நிறுத்தச் சொல்லு."

"ஓடட்டும்" என்றாள் தங்கை.

நான் சொன்னேன். பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. என்னால் வாசிக்க முடியவில்லை, இவரைக் கூப்பிட்டேன், இவர் இங்கே வாசித்தபோது அங்கே எண்ணெய்க்காரர் தானே பிரஸ்ஸில் நின்று விரலை விட்டார். முப்பத்து நான்கு வருடம் சுமந்தது, வாயை விட்டு வெளியே வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது. இவ்வளவு சுலபமானதையா செய்யாமல் இருந்தேன்?

தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் புடவைத் தலைப்பால் டிரம்ஸ் மேல் சிந்தியிருந்த டீயைத் துடைத்தாள்.

"குழாயடிக்கு ஒரு தடவை வந்தே. புதுச்சட்டை போட்டிருந்தே. நீ குனிஞ்சதை நான் பார்த்தேன்" என்றாள். "அவ சொன்னது உன் காதுல விழலைன்னு நினைச்சுக்கிட்டேன். விழுந்திருந்தா என் அண்ணன் சும்மா இருந்திருக்க மாட்டான்னு."

கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தேன்.

"கேமராவைப் பாரு. இவர் யார் விரலையும் எடுக்கலைன்னு சொல்லு."

"என் மாப்பிள்ளை யார் விரலையும் எடுக்கலை."

"இன்னொரு தடவை. சத்தமா."

சொன்னேன். "அந்த அடியும் அவரோடதுதான். இனிமே எல்லார்கிட்டயும் அதைச் சொல்லி..."

"பாட்டை நீயே வச்சுக்க அண்ணா" என்றாள். "அது யாருக்கு வேணும்?"

ஜன்னலோரத்தில் மாப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு? டீ கொட்டிடுச்சா?"

தங்கை போய் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. எழுந்து என்னிடம் வந்தார்.

"யாரைக் கேட்டுடா சொன்னே? கார்டு அடிச்சவனைக் காட்டிக் கொடுப்பாங்களா? அவன் சம்சாரத்துக்கு வர்றது நின்னுடும்டா!"

அத்தனை வருடமும் அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். என் பெயருக்காக, தங்கையின் அண்ணன் என்பதற்காக. அந்தக் கணக்கில் நான் எங்குமே இல்லை.

"அந்த அம்மா போய் ரெண்டு வருஷமாச்சுங்க!" என்று தங்கை கத்தினாள். "நாமதானே போயிட்டு வந்தோம்! பிள்ளை குட்டியும் இல்லை!"

அவர் யோசித்தார். ஒவ்வொருவராகத் தேடிப் பார்ப்பவர்போல மெதுவாக யோசித்தார்.

"அப்ப இதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது!"

"அப்ப சரி" என்றார். கோபம் அப்படியே இறங்கிவிட்டது. இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தார். பத்து விரலும் இருந்தன. "அப்ப நீ ஏன்டா இவ்வளவு நாள் சொல்லலை?"

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தப் பெண் அவரை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லி ஜாடை காட்டினாள். "முட்டி வலிக்குதும்மா. இரும்பு ஷூ இல்லாம கால் பேசாது" என்று மறுத்துவிட்டார். போகும்போது முக்காலியின் நட்டைக் கையாலேயே முறுக்கிவிட்டுப் போனார். தங்கை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அந்தப் பெண் கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் காகிதங்களை அடுக்கினாள்.

"சார், அந்தக் காதலன் பதில்... அதை வச்சுக்கலாமா, எடுத்துடலாமா?"

"எடுத்துடும்மா."

"அப்ப அந்தத் தாமதம் எங்கேருந்து வந்துதுன்னு கேட்டா என்ன சொல்றீங்க?"

"கையை வெளியே எடுக்கறதுக்கு" என்றேன். "ஒரு தொழிலாளி, கையை வெளியே எடுத்துட்டுத்தான்..."

"ஒரு நிமிஷம் சார்" என்று அவள் கையைத் தூக்கினாள். "கேமரா இன்னும் ஓடலை. நான் கை காட்டினதும் ஆரம்பிங்க. நீங்க முந்திடறீங்க."